பிளாக்செயினில் பங்கு: தப்பாக ஏறிய பதிவை யார் திருத்துவது?

2025 ஜூன் 28, சனி

பெருங்குடியில் சாஃப்ட்வேர் வேலை பார்க்கும் ஒரு தம்பியின் கேள்வி: “சார், எந்தப் பங்கு யாருடையது என்று எழுதி வைக்க புரோக்கர், டெபாசிட்டரி, கிளியரிங் கார்ப்பரேஷன் என்று இத்தனை பேர் எதற்கு? மொத்தத்தையும் பிளாக்செயினில் ஏற்றிவிட்டால் யாரும் ஏமாற்ற முடியாது, வாங்கிய நொடியே பங்கு கைக்கு வந்துவிடும். பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபி ஏன் இதைத் தடுத்துக்கொண்டே இருக்கிறது?”

பிளாக்செயின் என்பது பல கணினிகளில் ஒரே மாதிரி நகலாக இருக்கும், எழுதியதைத் தனியொருவர் மாற்ற முடியாத பேரேடு. பங்குகளுக்கு அது தேவையில்லை என்பதுதான் என் பதில். காரணம் சொல்ல 1993க்குப் போக வேண்டும்.

அப்போது நான் செகண்ட் லைன் பீச்சில், மெட்ராஸ் ஸ்டாக் எக்ஸ்சேஞ்சுக்குப் பக்கத்தில், ஒரு புரோக்கர் ஆபீசில் டெலிவரி கிளார்க். காலையில் போனதும் மேஜைமேல் ஷேர் சர்டிஃபிகேட் கட்டுகள் காத்திருக்கும். ஒவ்வொன்றின் பின்னாலும் பெயர் மாற்றக் கேட்கும் ஒரு டிரான்ஸ்ஃபர் டீட், அதுதான் ஃபார்ம் 7பி, குண்டூசியால் குத்தியிருக்கும். ஃபோலியோ நம்பர் (கம்பெனிப் பதிவேட்டில் பங்குதாரரின் கணக்கு எண்) சரியா, ஒவ்வொரு பங்குக்கும் உள்ள டிஸ்டிங்டிவ் நம்பர் சர்டிஃபிகேட்டோடு ஒத்துப்போகிறதா, சாட்சிக் கையெழுத்து இருக்கிறதா, ஸ்டாம்ப் ஒட்டிக் கோடு கிழித்திருக்கிறதா என்று பார்த்துப் பார்த்துத்தான் கம்பெனிக்கு அனுப்புவோம். இருந்தும் ஒரு மாதம் கழித்து “விற்பவர் கையெழுத்து பொருந்தவில்லை” என்ற சீட்டோடு திரும்பி வரும். பேட் டெலிவரி என்போம். விற்றவரைத் தேடிப்பிடித்து மறுபடி கையெழுத்து வாங்க வேண்டும். ஒரு கட்டுக்காகக் கும்பகோணம் வரை போயிருக்கிறேன். விற்ற அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் ஆகி, கையெழுத்தே மாறிப்போயிருந்தது. காபி கொடுத்துவிட்டு, பழைய கையெழுத்தைப் பார்த்துப் பார்த்துப் போட்டார். அதுவும் பொருந்தவில்லை.

பங்குகளைக் காகிதமில்லாமல் கணக்கில் வைத்திருக்கும் நிறுவனங்களுக்காக 1996இல் டெபாசிட்டரி சட்டம் வந்தது, அதே வருஷம் அப்படி ஒரு நிறுவனமான என்எஸ்டிஎல் வேலையைத் தொடங்கியது. 1999இல் சிடிஎஸ்எல். பங்குகள் டிமேட்டுக்கு, அதாவது கணினிக் கணக்குக்கு, மாற மாற, பேட் டெலிவரி என்ற சொல்லே ஆபீசிலிருந்து மறைந்துபோனது. ஒரு சட்டமும், பொறுப்பேற்ற இரண்டு நிறுவனங்களும், சாதாரண டேட்டாபேஸும் செய்த வேலை அது. தீர்ந்துபோன பிரச்சினைக்கு எதற்கு இன்னொரு மருந்து?

ஜூன் 29, ஞாயிறு

நேற்று ஒன்றைச் சொல்லாமல் விட்டேன். “செபி தடுக்கிறது” என்பது சரியில்லை. கிரிப்டோவையும் பிளாக்செயினையும் ஒரே மூட்டையில் கட்டுவதால் வரும் குழப்பம் இது.

கிரிப்டோ வியாபாரிகளுக்கு வங்கிகள் சேவை தரக்கூடாது என்று 2018 ஏப்ரலில் சொன்னது ரிசர்வ் வங்கி. அதை 2020 மார்ச் 4 அன்று உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. 2022 ஏப்ரல் முதல் லாபத்துக்கு 30 சதவீத வரி, அந்த ஜூலை முதல் 1 சதவீத டிடிஎஸ். இதெல்லாம் கிரிப்டோ கதை.

பிளாக்செயினை, சட்டத்தின் மொழியில் டிஎல்டியை, செபியே கையில் எடுத்திருக்கிறது. கடன் பத்திரங்களுக்கு ஈடாகக் காட்டிய சொத்தையும், கம்பெனி ஒப்புக்கொண்ட நிபந்தனைகளையும் டிஎல்டியில் பதிந்து கண்காணிக்க வேண்டும் என்று 2021 ஆகஸ்ட் 13 அன்று சுற்றறிக்கை விட்டது. 2022 ஏப்ரல் முதல் நடைமுறை. அதை நடத்துவது யார்? நான் நேற்று சொன்ன அதே டெபாசிட்டரிகள்.

இன்னொன்று. உங்கள் போனுக்கு வங்கியிலிருந்து வரும் எஸ்எம்எஸ் கூட டிஎல்டி வழியாகத்தான் வருகிறது. அனுப்புகிறவர் பெயரையும் செய்தியின் வார்ப்பையும் அதில் பதிய வேண்டும் என்பது தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை அமைப்பான டிராய் 2018இல் போட்ட விதி. ஆகவே தம்பி, நீங்கள் தினமும் பிளாக்செயினைத் தொட்டுக்கொண்டுதான் இருக்கிறீர்கள்.

ஜூலை 3, வியாழன்

இந்த வாரச் செய்தி. அமெரிக்க புரோக்கரான ராபின்ஹுட் நிறுவனம் ஐரோப்பிய வாடிக்கையாளர்களுக்குப் பங்கு டோக்கன்களை, அதாவது பங்கின் விலையைப் பின்தொடரும் பிளாக்செயின் பதிவுகளை, திறந்துவிட்டிருக்கிறது. அறிமுகப் பரிசாக, சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓப்பன்ஏஐ பெயரிலும் டோக்கன். உடனே ஓப்பன்ஏஐ நிறுவனம், இது எங்கள் பங்கு அல்ல, இதில் எங்களுக்குச் சம்பந்தமில்லை என்று அறிவித்துவிட்டது.

நான் பயப்படுவது இதற்குத்தான். பதிவு துல்லியமாக இருக்கலாம், ஒரு எழுத்தைக்கூட யாரும் மாற்ற முடியாமல் இருக்கலாம். ஆனால் அந்தப் பதிவு எதற்கான பதிவு? டிவிடெண்ட் யாருக்கு வரும், பொதுக்குழுவில் ஓட்டு யாருக்கு, கம்பெனி மூழ்கினால் வரிசையில் எங்கே நிற்போம்? டோக்கனைக் கொண்டுபோய் நீட்டினால் கம்பெனி “நீங்கள் யார்?” என்று கேட்டுவிட்டால் என்ன செய்வது?

2021லும் இப்படித்தான். பைனான்ஸ் (Binance) என்ற கிரிப்டோ சந்தை ஏப்ரலில் டெஸ்லா டோக்கன் விற்கத் தொடங்கியது. ஜெர்மனியின் கண்காணிப்பு அமைப்பு எச்சரித்தது. ஜூலையில் நிறுத்திவிட்டார்கள்.

ஜூலை 5, சனி

தம்பி விடுவதாக இல்லை. “அமெரிக்காவில் பெரிய பெரிய ஆட்களே இதுதான் எதிர்காலம் என்கிறார்கள். அவர்களுக்குத் தெரியாததா?”

அவர்களுடைய வலி வேறு. அங்கே பெரும்பாலான பங்குகள் கம்பெனிப் பதிவேட்டில் சீட் அண்ட் கோ என்ற ஒரே பெயரில் இருக்கும். அதற்குக் கீழே புரோக்கர், அவருக்குக் கீழே வாடிக்கையாளர். யார் உண்மையான உரிமையாளர் என்று மேலிருந்து பார்த்தால் தெரியாது. டோல் என்ற பழக் கம்பெனி வழக்கில் இது சந்திக்கு வந்தது. இழப்பீடு கொடுக்க வேண்டிய பங்குகள் 3.68 கோடி. எங்களுடையது என்று கேட்டு வந்தவர்களின் கணக்கைக் கூட்டினால் 4.92 கோடி. இத்தனைக்கும் பொய்க் கணக்கு என்று சொல்லிவிட முடியாது. ஒரே பங்கை இரண்டு பேர் நியாயமாகவே தன்னுடையது என்று சொல்லும்படி அந்த அமைப்பு இருந்தது. 2017 பிப்ரவரியில் டெலவேர் நீதிமன்றம் இதை எடுத்துச் சொன்னது. கம்பெனிகள் பங்குப் பதிவேட்டை பிளாக்செயினில் வைத்துக்கொள்ளலாம் என்று அந்த மாநிலம் அதே வருஷம் சட்டத்தைத் திருத்தியது.

நம் ஊரில் பங்கு உங்கள் பெயரிலேயே உங்கள் டிமேட் கணக்கில் இருக்கிறது. சட்டப்படி நீங்கள்தான் அந்தக் கம்பெனியின் உறுப்பினர். டிமேட் கணக்குகளின் எண்ணிக்கை 2024 மார்ச்சிலேயே 15 கோடியைத் தாண்டிவிட்டது. அமெரிக்கா பிளாக்செயினில் தேடுகிற ஒரு விஷயம் நம்மிடம் முப்பது வருஷமாகக் கிட்டத்தட்ட இருக்கிறது. இதை நாம் பெருமையாகச் சொல்லிக்கொள்வதே இல்லை என்பது எனக்கு வருத்தம்.

அப்புறம், “வாங்கிய நொடியே பங்கு” என்பது. கேட்க நன்றாக இருக்கிறது. கோயம்பேட்டில் ஒரு கமிஷன் மண்டியைப் பாருங்கள். விடியற்காலையிலிருந்து ஒரே சில்லறை வியாபாரியோடு பத்து முறை கொடுக்கல் வாங்கல். ஒவ்வொரு மூட்டைக்கும் பணத்தை எண்ணிக்கொண்டிருந்தால் கல்லாவில் எவ்வளவு பணம் போட்டு வைக்க வேண்டும்? கடைசியில் கழித்துப் பார்த்து மிச்சத்தை மட்டும் தீர்க்கிறார்கள். கிளியரிங் கார்ப்பரேஷனும் அதைத்தான் செய்கிறது. ஒரு புரோக்கர் ஒரு பங்கில் 1,000 வாங்கி 940 விற்றிருந்தால் நகர வேண்டியது 60தான். நொடிக்கு நொடி தீர்த்தால் இந்தக் கழிவு போய்விடும். ஒவ்வொரு வியாபாரத்துக்கும் முழுப் பணமும் முழுப் பங்கும் முன்னாடியே கையில் இருக்க வேண்டும். கிளியரிங் கார்ப்பரேஷன் இன்னொரு காரியமும் செய்கிறது. விற்றவர் கைவிரித்தாலும் வாங்கியவருக்கு அது பொறுப்பு. செயினில் அந்தப் பொறுப்பு யாருக்கு?

வேகம் வேண்டும் என்றால் நாம் ஒன்றும் மெதுவாக இல்லை. வியாபாரம் நடந்த மறுநாளே தீர்க்கும் டி+1 இங்கே 2022இலேயே வந்துவிட்டது. அமெரிக்கா வந்தது 2024 மே 28இல்.

ஜூலை 6, ஞாயிறு

திருத்தம். டி+1 தொடங்கியது 2022 பிப்ரவரி 25, கடைக்கோடியில் இருந்த சின்னப் பங்குகளில். எல்லாப் பங்குகளுக்கும் வந்தது 2023 ஜனவரி 27இல்தான். 2024 மார்ச் 28 முதல் 25 பங்குகளில் அன்றைக்கே தீர்க்கும் டி+0 சோதனையும் வந்தது. இதெல்லாம் பிளாக்செயின் இல்லாமல்.

ஜூலை 12, சனி

இன்று நீளமாக எழுதப் போகிறேன். இது என் வீட்டு விஷயம்.

அப்பா தவறியபோது கோத்ரெஜ் பீரோவின் உள்லாக்கரில் ஒரு துணிப்பை இருந்தது. நான்கு கம்பெனிகளின் ஷேர் சர்டிஃபிகேட். மகன் புரோக்கர் ஆபீசில் வேலை பார்த்தும், டிமேட் வந்தபோது அவர் மாற்றவில்லை. “காகிதம் கையில் இருந்தால்தான்டா பணம்” என்பார். நானும் வற்புறுத்தவில்லை. அது என் தவறு.

சர்டிஃபிகேட்டில் அப்பா பெயர் முன்னால் இரண்டு இனிஷியலோடு இருந்தது. பான் கார்டில் இனிஷியல் விரிந்து, தாத்தா பெயர் பின்னால் போய் உட்கார்ந்திருந்தது. இறப்புச் சான்றிதழில் ஒரே இனிஷியல். ஆங்கிலத்தில் ‘தி’க்கு ஓரிடத்தில் எச் உண்டு, ஓரிடத்தில் இல்லை. தமிழ்நாட்டில் இதில் அதிசயம் ஒன்றுமில்லை, நம் எல்லோர் வீட்டிலும் இப்படித்தான். ஆனால் பதிவேட்டுக்கு இவர்கள் மூன்று பேர். தாசில்தாரிடம் வாரிசுச் சான்றிதழ், ஹைகோர்ட்டுக்கு எதிரே நோட்டரியிடம் “இந்தப் பெயர்களில் உள்ளவர் அனைவரும் ஒருவரே” என்று பிரமாணப் பத்திரம், அம்மாவும் தங்கையும் கொடுத்த ஆட்சேபனையில்லாக் கடிதம். மூன்று கம்பெனி இப்படியே முடிந்தது.

நான்காவதில்தான் சிக்கல். அந்தக் கம்பெனிக்காகப் பங்குப் பதிவேட்டை வைத்திருக்கும் பதிவாளர் அலுவலகத்தில், அப்பாவின் பங்குகள் இன்னொருவர் கணக்கில் ஏறியிருந்தன. அதே பெயர், அதே இனிஷியல், வேறு ஊர். கணினியில் ஏற்றும்போது யாரோ இரண்டு ஃபோலியோவை ஒரே ஆள் என்று நினைத்துச் சேர்த்துவிட்டார்கள். கவுண்டரில் இருந்த பெண் திரையை என் பக்கம் திருப்பிக் காட்டினார். அப்பாவின் ஃபோலியோ நம்பர், பக்கத்தில் முன்பின் தெரியாத ஒரு விலாசம். சிஸ்டத்தில் இப்படித்தான் இருக்கிறது என்றார். அதற்கு மேல் அவரிடம் பதில் இல்லை.

ஐந்து மாதம் ஆயிற்று. பழைய டிவிடெண்ட் வாரண்டின் அடிக்கட்டைதான் காப்பாற்றியது. அதில் எங்கள் புரசைவாக்கம் விலாசமும் ஃபோலியோ நம்பரும் ஒன்றாக அச்சாகியிருந்தன. செபியின் ஸ்கோர்ஸ் தளத்தில் புகார் போட்டேன். புகாருக்கு ஒரு எண், எண்ணுக்கு ஒரு காலக்கெடு, காலக்கெடுவுக்குப் பயந்த ஒரு அதிகாரி. பதிவைத் திருத்திக் கொடுத்தார்கள்.

அந்தத் தவறு ஒரு பிளாக்செயினில் ஏறியிருந்தால்? அதை யாரும் மாற்ற முடியாது, அழிக்க முடியாது என்பதைத்தானே அதன் சிறப்பாகச் சொல்கிறார்கள். தவறான பதிவு காலாகாலத்துக்கும் அப்படியே நிற்குமா? அந்த வேற்றூர்க்காரர் தன் சாவியை, அதாவது செயினில் தன் கணக்கை இயக்கும் ரகசிய எண்ணை, வைத்து விற்றுவிட்டுப் போயிருந்தால் நான் யாரிடம் போவேன்?

ஜூலை 13, ஞாயிறு

தம்பியின் மறுப்பு வந்தது, நியாயமான மறுப்பு. “நீங்கள் சொல்வது பிட்காயின் மாதிரி யார் வேண்டுமானாலும் சேரும் செயின். சந்தைக்கு யாரும் அதைக் கேட்கவில்லை. அனுமதி பெற்றவர்கள் மட்டும் எழுதும் செயினில், கம்பெனியோ டெபாசிட்டரியோ தவறான டோக்கனை ரத்து செய்து புதிதாக வெளியிடலாம். பழைய பதிவு அழியாது, அதன்மேல் திருத்தம் ஏறும். உங்கள் பேரேட்டில் தவறை ரப்பரால் அழிப்பீர்களா, எதிர்ப்பதிவு போடுவீர்களா?”

எதிர்ப்பதிவுதான் போடுவோம். ஒத்துக்கொள்கிறேன். திருத்தவே முடியாது என்று நேற்று எழுதியது தவறு. சொல்லப்போனால் எங்கள் விவகாரத்தில் இரண்டு ஃபோலியோவைச் சேர்த்தது யார், என்றைக்கு என்று கடைசிவரை யாருக்கும் சொல்லத் தெரியவில்லை. செயினில் அந்தத் தேதியும் சேர்த்தவர் அடையாளமும் பளிச்சென்று இருந்திருக்கும். அந்த ஐந்து மாதம் ஐந்து நாளாகியிருக்கலாம்.

அப்படியானால் என் கேள்வி இப்படி மாறுகிறது: ரத்து செய்யும் அந்தச் சாவி யார் கையில்? என்ன ஆதாரம் பார்த்து அவர் அதைத் திருப்புவார்? தவறாகத் திருப்பினால் நான் செபிக்கும், அங்கிருந்து மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்துக்கும் போக வழி உண்டா? வழி எழுதியிருந்தால் எந்தத் தொழில்நுட்பமும் எனக்குச் சம்மதம். “ஒழுங்குமுறை வளர்ச்சிக்குத் தடை” என்று பேசுகிறவர்கள் இந்த மூன்றுக்கும் பதில் சொல்லிவிட்டுப் பேசட்டும். சாவியைத் தொலைத்த கிழவிக்கும் சேர்த்துத்தான். சர்டிஃபிகேட் தொலைந்தால் டூப்ளிகேட் வாங்க இன்றைக்கு ஒரு வழிமுறை இருக்கிறது.

நிற்க, ஒரு விஷயம். நம் செபி மாதிரி அமெரிக்காவில் இருக்கும் எஸ்இசியின் ஆணையர் ஹெஸ்டர் பியர்ஸ் இந்த வாரம் அறிக்கை விட்டிருக்கிறார். கிரிப்டோவுக்கு மிகவும் இணக்கமானவர் என்று பெயர் வாங்கியவர். அவரே சொல்கிறார், டோக்கனாக மாற்றினாலும் பங்கு பங்குதான், பங்குக்கான சட்டம் அதற்கும் உண்டு என்று.

ஜூலை 19, சனி

ஆஸ்திரேலியக் கதையைச் சொல்லாமல் இதை முடிக்க முடியாது. அங்கே ஏஎஸ்எக்ஸ் பங்குச் சந்தையில் பங்கையும் பணத்தையும் கைமாற்றித் தீர்க்கும் அமைப்புக்குப் பெயர் செஸ், 1994இல் வந்தது. அதைத் தூக்கிவிட்டு டிஎல்டியில் புதிதாகக் கட்டப்போவதாக 2017 டிசம்பரில் அறிவித்தார்கள். உலகமே திரும்பிப் பார்த்தது. நானும் அப்போது நண்பர்களிடம் “அவ்வளவுதான், டெபாசிட்டரி காலம் முடிந்தது” என்று சொன்னதாக ஞாபகம். தேதி தள்ளித் தள்ளிப் போனது. 2022 நவம்பரில் வேலையை நிறுத்திவிட்டார்கள். செலவழித்ததில் சுமார் 25 கோடி ஆஸ்திரேலிய டாலரைக் கணக்கிலிருந்து எழுதித் தள்ள வேண்டியதாயிற்று. வேலை திட்டப்படி நடக்கிறது என்று 2022 பிப்ரவரியில் சொன்னது முதலீட்டாளர்களைத் தவறாக வழிநடத்தியது என்று அந்த நாட்டுக் கண்காணிப்பு அமைப்பு 2024 ஆகஸ்டில் வழக்கும் போட்டிருக்கிறது.

ஓடுகிற ரயிலில் எஞ்சினை மாற்றுகிற வேலை அது. சந்தை ஒருநாள் நின்றால் யாருடைய பணமெல்லாம் நடுவழியில் நிற்கும் என்பது, கட்டுக்கட்டாக டெலிவரி அனுப்பிய எங்களுக்குத் தெரியும்.

ஜூலை 20, ஞாயிறு

“யாரும் ஏமாற்ற முடியாது” என்று தம்பி முதல் நாள் சொன்னாரே, அதை விட்டுவிட்டேன். 2019 நவம்பர் 22இல் கார்வி புரோக்கிங் மீது செபி உத்தரவு போட்டது. பவர் ஆஃப் அட்டர்னியை வைத்து வாடிக்கையாளர் பங்குகளை எடுத்துத் தன் கடனுக்கு அடமானம் வைத்த விவகாரம். அங்கே டெபாசிட்டரிப் பதிவில் ஒரு பிழையும் இல்லை. எடுக்கும் அதிகாரம் தவறான கையில் இருந்தது. அதற்கு மருந்து, 2020 செப்டம்பர் முதல் வந்த புது அடமான முறை. பங்கு உங்கள் கணக்கிலேயே இருக்கும், அடமானத்துக்கு உங்கள் போனுக்கு ஓடிபி வரும். அன்றைக்குப் பங்குகள் செயினில் இருந்து, புரோக்கரிடம் அதே அதிகாரத்தை எழுதிக் கொடுத்திருந்தால், செயினும் அவர் சொன்னபடிதான் பங்கை நகர்த்தியிருக்கும்.

ஜூலை 27, ஞாயிறு

ஒரு வாரமாக மனதில் ஓடிக்கொண்டிருப்பதை எழுதிவிடுகிறேன். முதல் நாள் “தேவையில்லை” என்றேனே, பங்குகளை மட்டும் நினைத்துச் சொன்னது அது. கடன் பத்திரங்களைப் பற்றி யோசிக்கவில்லை.

ரிட்டயர்மென்ட் பணத்தில் ஒரு பகுதியை ஒரு கம்பெனியின் என்சிடியில், அதாவது பங்காக மாறாத கடன் பத்திரத்தில், போட்டேன். ஈடு இருக்கிறது, ரேட்டிங் இருக்கிறது, முதலீட்டாளர்கள் சார்பில் ஈட்டைக் கவனிக்க டிரஸ்டி இருக்கிறார் என்று நம்பிப் போட்டது. வட்டி நின்றபோதுதான் புரிந்தது. ஈடாகக் காட்டிய சொத்து விவரம் கம்பெனியிடம் ஒருவிதம், டிரஸ்டியிடம் பழைய காகிதம், ரேட்டிங் போட்டவர் பார்த்தது ஒரு வருஷத்துக்கு முந்தைய கணக்கு. ஒவ்வொருவரும் தன் கோப்பு சரி என்றார்கள். ஒருவர் கோப்பை இன்னொருவர் பார்க்கவே இல்லை. போட்டதில் கால்வாசிதான் திரும்பி வந்தது. அம்மாவின் மூட்டு ஆபரேஷனை அந்த வருஷம் தள்ளிப்போட்டோம்.

பல பேர், பல கோப்பு, யாரும் யாருக்கும் கீழ்ப்பட்டவர் இல்லை. டிஎல்டிக்கு ஏற்ற இடம் என்றால் இதுதான். கம்பெனி ஈட்டைப் பதிந்தால் டிரஸ்டியும் ரேட்டிங் நிறுவனமும் அதே பதிவைப் பார்ப்பார்கள். யார் எப்போது எதை ஏற்றினார்கள், எதைப் பார்த்துச் சரி என்றார்கள் என்பது முத்திரையோடு நிற்கும். 2021 சுற்றறிக்கையை அன்றைக்கு நான் ஒரு வரியில் கடந்து போனது சரியில்லை. செபி தேர்ந்தெடுத்த இடம் சரியான இடம். கம்பெனி பொய் மதிப்பை ஏற்றினால் செயின் அதையும் பத்திரமாக வைத்துக்கொள்ளும் என்பது உண்மைதான். ஆனால் பொய்யை ஏற்றியவர் பெயரையும் நாளையும் சேர்த்தே வைத்துக்கொள்ளும். எனக்கு அன்றைக்குக் கிடைக்காதது அதுதான்.

பணப் பக்கமும் ஒன்று உண்டு. பத்திரம் செயினில், பணம் வெளியே என்றால் பாதி வேலைதான். ரிசர்வ் வங்கி 2022 நவம்பர் 1 அன்று டிஜிட்டல் ரூபாயை முதலில் சோதித்தது அரசுப் பத்திர வியாபாரத்தில், ஒன்பது வங்கிகளோடு. காரணமில்லாமல் அங்கே தொடங்கவில்லை.

ஆகஸ்ட் 2, சனி

நம் மாநிலத்தைப் பற்றி ஒருவர் கேட்டிருந்தார். தமிழ்நாடு 2020 செப்டம்பரிலேயே பிளாக்செயின் கொள்கை வெளியிட்டது. அரசின் செயினுக்கு ‘நம்பிக்கை இணையம்’ என்று பெயர், நல்ல பெயர். சான்றிதழ்களை இ-பெட்டகம் செயலியில் பார்க்கலாம். வாரிசுச் சான்றிதழையும் இறப்புச் சான்றிதழையும் பங்குப் பதிவாளர் நேரே அதில் சரிபார்க்கும் நாள் வந்தால் என் மாதிரி ஆட்களுக்குப் பாதி அலைச்சல் மிச்சம். டோக்கன் சந்தையைவிட எனக்கு அதுதான் அவசரம்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

தம்பி இன்று கேட்டது பிளாக்செயின் பற்றி இல்லை. மன்னார்குடியில் இருக்கும் அவருடைய பாட்டியிடம் ஒரு பழைய டிரான்ஸ்ஃபர் டீட் இருக்கிறதாம். தாத்தா வாங்கிக் கொடுத்த பங்குகள், 2011இல் பெயர் மாற்ற அனுப்பி, கையெழுத்து பொருந்தவில்லை என்று திரும்பி வந்தது. சீட்டைப் படம் எடுத்து அனுப்பியிருக்கிறார். அதே வாசகம், அதே நீல மை முத்திரை.

தம்பி, நேரம் நன்றாக இருக்கிறது. 2019 ஏப்ரல் 1க்கு முன் அனுப்பி, குறை சொல்லித் திருப்பப்பட்ட டீடுகளை மறுபடி கொடுக்க செபி ஒரு வாய்ப்புத் திறந்திருக்கிறது. 2025 ஜூலை 7இல் தொடங்கியது, 2026 ஜனவரி 6 கடைசி நாள். பங்கு டிமேட்டாகத்தான் வரும், ஆகவே முதலில் பாட்டி பெயரில் கணக்குத் திறங்கள். பான் கார்டில் இருக்கும் பெயரும் டீடில் இருக்கும் பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒன்றா என்று பாருங்கள். இல்லையென்றால் பிரமாணப் பத்திரம். அசல் டீட், சர்டிஃபிகேட், திருப்பி அனுப்பிய அந்தச் சீட்டு மூன்றையும் பிரிக்காமல் அப்படியே வைத்திருங்கள், குண்டூசியைக்கூட எடுக்க வேண்டாம். அடுத்த சனிக்கிழமை காலை பத்து மணிக்குப் பாரிமுனை வந்தால் நானும் கூட வருகிறேன்.